பென்சிலால் எழுதிய ஞாயிறு

நம் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் ஏன் யாரும் பேனாவால் எழுதுவதில்லை என்று போன வாரம் நீங்கள் இருவரும் கேட்டீர்கள். "அப்பாவைக் கேளுங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பாதியிலேயே கோபம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் அக்காவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்தை மட்டும் திருத்தினால் போதும், சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பென்சில் பழக்கம் அம்மா கொண்டுவந்தது. கல்யாணமான முதல் வருஷமே, நான் வேலை நேரத்தைப் பேனாவால் எழுதப் போனபோது கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சிலைக் கொடுத்தாள். எழுதியதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. கர்த்தருக்குச் சித்தமானால் என்று அதற்கு அர்த்தம். நாம் எழுதுகிறோம், அவர் விரும்பினால் அழித்துக்கொள்ளட்டும். பல் டாக்டரோ, பாசாரில் காய்கறி வாங்கப் போவதோ, பள்ளிக்கூடக் கூட்டமோ, எதுவானாலும் அப்படித்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பென்சிலால் எழுதுவது வேறு, எழுதாமலே இருப்பது வேறு. "எல்லாம் அவர் சித்தம்" என்று கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டு, அதைப் பணிவு என்று சொல்கிறவர்களை எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை.

சாமான் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு பழைய காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறதே, சிவப்பு மார்க்கரால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டது, அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது என் கையெழுத்துதான். சிலுவை போடாமல் இந்த வீட்டில் எழுதப்பட்ட ஒரே நாள் அது. அந்தக் கதைதான் இது.

இரட்டைப் பிள்ளைகள் உங்களுக்கு அப்போது நான்கு வயது. அக்காவுக்குப் பதினைந்து. அக்காவின் கால்கள் பிறந்ததிலிருந்தே அவளைத் தாங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அந்த நாட்களில் ஒவ்வொரு ஞாயிறும் அவளை எப்படிக் கோயிலுக்குள் கொண்டுபோனோம் என்பது. ஜார்ஜ் டவுனில் நம் சபைக் கட்டடம் பழையது, சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் நகராண்மையிடம் கேட்க வேண்டும். வாசலில் ஐந்து படிகள். நான்கு ஆண்கள் சக்கர நாற்காலியோடு அக்காவைத் தூக்கிக்கொண்டு ஏறுவோம். மூன்று வயதிலிருந்து பதினைந்து வயது வரை இதே கதைதான்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது அக்கா கேட்டாள். "அப்பா, நான் என்ன அரிசி மூட்டையா?"

"என்னம்மா அப்படிச் சொல்ற?"

"மேல கொண்டுபோய் இறக்கினதும் எல்லாரும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. ஒரு அங்கிள், போன வாரத்தைவிட வெயிட் போட்டுட்டம்மான்னு சொல்றாரு. எனக்குப் பதினஞ்சு வயசுப்பா."

அந்த வருஷம்தான் அவளுக்குத் திடப்படுத்தல். குழந்தையில் உங்களுக்காக நாங்கள் சொன்ன விசுவாசத்தை, வளர்ந்த பிறகு நீங்களே சபை முன்னால் உங்கள் வாயால் சொல்கிற நாள். அக்கா வகுப்பு முழுதும் முடித்திருந்தாள். ஜெபங்கள் எல்லாம் மனப்பாடம்.

"என் வாயால சொல்லணும்னா, நானே மேல வரணும். தூக்கிட்டுப் போறதா இருந்தா நான் வரல" என்றாள். சொன்னால் சொன்னதுதான், உங்கள் அக்காவை உங்களுக்குத் தெரியாதா?

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு தேநீரும் கறிபாப் பலகாரமும் வைத்திருக்கும் நேரத்தில் சபைக் குழுவிடம் பேச்சை எடுத்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி ஏறுகிற மாதிரி பலகையால் ஒரு ரேம்ப் போடுகிறேன் என்றேன். எங்கள் மூப்பர், ஓய்வுபெற்ற கிளார்க், கறிபாப்பைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக நாற்காலியின் முன் இடது காலைப் பிடித்துத் தூக்கியவர் அவர்தான்.

"தம்பி, விசுவாசம் வேணும். நாம இவளுக்காக எத்தனை உபவாசம் இருந்திருக்கோம்! ரேம்ப் போட்டா, இவ நடக்கவே மாட்டான்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்லா."

பக்கத்தில் நின்ற இன்னொருவர், "இல்லண்ணே, இப்படி இருக்கிறதுதான் தேவ சித்தம்னா, அதையும் ஏத்துக்கத்தான் வேணும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அண்ணே, ஒரு நிமிஷம். நடப்பாங்கிறதும் சித்தம், நடக்க மாட்டாங்கிறதும் சித்தம், ரெண்டுலயும் பலகை மட்டும் போடக் கூடாது. இந்தச் சித்தத்தை எல்லாம் உங்களுக்கு யாரு மெசேஜ் பண்றாங்க? எனக்கு ஒண்ணும் வரலையே!"

யாரோ தேநீர் புரையேறி இருமினார்கள்.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். "அவ நடப்பாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாதவன் ரெண்டுக்கும் ஏற்பாடு பண்ணி வைக்கணும். அதுதான் எனக்குத் தெரிஞ்ச விசுவாசம்."

"அப்போ நடந்துட்டா?"

"கழட்டிடறேன். ஆணியே கிடையாது, எல்லாம் போல்ட்டு. உங்க சுவரைத் தொடக்கூட மாட்டேன்."

அதுவரை சும்மா இருந்த பாஸ்டர் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். "கழட்டலாம்னா போடலாம்" என்றார். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. நேரே சமையலறைக்குப் போய், வேலை இடத்தில் பெட்டிகளுக்கு அடையாளம் போடுகிற சிவப்பு மார்க்கரை எடுத்தேன். திடப்படுத்தல் ஞாயிறைச் சுற்றி வட்டம் போட்டு, 'தானே ஏறுவாள்' என்று எழுதினேன். அம்மா பென்சிலை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"இது பென்சில் வேலை இல்ல" என்றேன்.

"எதுதான் இல்ல?" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறை ஊரில் ஒரு கிடங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன் அல்லவா, ரேம்ப் என்றால் என்னை விடத் தெரிந்தவன் யார் என்ற நினைப்பு. சுமையோடு ஏறும்போது முன்பக்கமாக ஏறு, இறங்கும்போது பின்பக்கமாக இறங்கு, சுமை எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். இருபது வருஷம் இதைச் செய்தவன். என்னோடு ஓட்டுகிற பாயையும் கூட்டுச் சேர்த்தேன்.

"பாய், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுவீங்களா?"

"இன்ஷா அல்லா."

"அப்படின்னா வர மாட்டீங்கன்னு அர்த்தமா?"

"என்ன தம்பி, கிண்டலா? அல்லா நாடினா ஒன்பது மணி. என் பங்குக்கு ஏழு மணிக்கே அலாரம் வெச்சாச்சு."

எட்டே முக்காலுக்கு வந்து நின்றார், கையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கட்டிய மூன்று நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். அவரைப் போல ஒருவர் எங்கள் சபைக் குழுவில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

படிகளின் மொத்த உயரம் இரண்டரை அடி. பதினைந்து அடி நீளத்துக்குச் சட்டம் போட்டு, கனமான பலகையை மேலே இறக்கினோம். தள்ளுவண்டியில் இரண்டு மூட்டை சிமெண்டை வைத்துத் தள்ளிப் பார்த்தோம். ஏறியது. பாய் கையைத் தட்டினார். நான் ஒரு போட்டோ எடுத்து மூப்பருக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை, படம் மட்டும். அது பணிவு இல்லை என்று எனக்கே தெரியும்.

திடப்படுத்தலுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அக்காவைக் கூட்டிப்போனேன். அவள் அடியில் நின்று மேலே பார்த்தாள். பிறகு சக்கரங்களைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள். மூன்று அடி போனாள், பின்னால் உருண்டு வந்தாள். இரண்டாவது முறை நான்கு அடி. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தாள் பாருங்கள், முன் சக்கரம் இரண்டும் மேலே கிளம்பி நாற்காலியே மல்லாந்துவிட்டது. பாய் பின்னால் நின்றதால் பிடித்தார். இல்லையென்றால் தலை தரையில் மோதியிருக்கும்.

அக்கா அழவில்லை. மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள், "அப்பா, இதை யாருக்காகக் கட்டினீங்க?"

"உனக்காகத்தாம்மா."

"என்னை ஒண்ணுமே கேக்கலையே."

பாய் கோயில் முற்றத்து மாமரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எஞ்சின் ஏறுமா, இரண்டு ஆம்பிளைகள் தள்ளினால் ஏறுமா என்று பார்த்தேன். பதினைந்து வயதுப் பிள்ளையின் கை ஏறுமா என்று பார்க்கவே இல்லை.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் பின்னால தள்ளி விடறேன், அப்புறம் சரி பண்ணிடலாம்" என்றேன்.

"தூக்கினா நாலு பேரு, தள்ளினா ஒரு ஆளு. அவ்வளவுதானே வித்தியாசம்?"

மறுநாள் அவள் மேலே போகவில்லை. வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு வந்தாள், மாமர நிழலில் மூப்பர் ஓட்டி வந்து நிறுத்தியிருந்த காடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். பாஸ்டர் இறங்கி வந்து கேட்டார். தூக்குகிற அங்கிள்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா உங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா எல்லாருக்கும், "இல்ல, தேங்க்ஸ்" என்றாள். உள்ளே ஒன்பது பிள்ளைகள் பாஸ்டரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவளுக்கு எல்லாப் பதிலும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

முடிந்து வந்த மூப்பர் மெதுவாகத்தான் சொன்னார். "பார்த்தியா தம்பி, சித்தம் இல்லாததை நாம இழுத்தா இப்படித்தான்."

நான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஃபெரிக்குக் கிளம்பினேன்.

அவருக்கான பதில் அங்கேதான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாகான் டாலாம் வீட்டிலிருந்து வந்து ஃபெரியில்தான் கடலைத் தாண்டுவோம், அக்காவுக்குப் பாலத்தைவிட அதுதான் பிடிக்கும். திரும்பும்போது இறங்கும் பலகையின் முன்னால் நாற்காலியை நிறுத்தி, "தள்ளுங்கப்பா" என்றாள். காலையில் வரும்போது தானாகவே போனவள்.

"கோபமா என் மேல?" என்று கேட்டேன்.

"இதுக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்? காலையில தண்ணி ஏறியிருந்துச்சு, பலகை கிட்டத்தட்ட சமமா இருந்துச்சு, போயிட்டேன். இப்ப வத்திடுச்சு, சரிவாயிடுச்சு. எது என் கைக்கு முடியும், எது முடியாதுன்னு எனக்குத் தெரியும்பா. கடல் தண்ணி ஏறுற, வத்துற நேரமெல்லாம் போன்ல போட்டு வெச்சிருக்கேன்."

இத்தனை வருஷமாக அவள் சில நாள் தள்ளக் கூப்பிடுவதும் சில நாள் கூப்பிடாததும் மனசுக்குத் தோன்றியபடி என்றுதான் நினைத்திருந்தேன். கடல் யாருக்கும் கீழ்ப்படியாது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக அவள் கரையிலேயே உட்கார்ந்துவிடவும் இல்லை, நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். மார்க்கரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான்தான். மூப்பர் அவளைக் கேட்காமல் கடவுளின் சித்தத்தைச் சொன்னார், நான் அவளைக் கேட்காமல் ரேம்ப் கட்டினேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பாருங்கள், கட்டினது தப்பு என்று நான் அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்காமல் கட்டினதுதான் தப்பு.

வீட்டு நடைபாதையில் ஒரு நீளப் பலகையைப் போட்டோம். அடியில் உங்கள் கதைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்து உயர்த்தினோம். அக்கா ஏறி ஏறிப் பார்த்து, "இது ஓகே, இது ஜாஸ்தி" என்றாள். கடைசியில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று வந்து நின்றது.

"போன்ல தேடினா இதே கணக்குதான் வரும். ஊருக்கே தெரிஞ்ச அளவுப்பா" என்றாள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே."

அப்படியானால் முப்பது அடி. நேராகப் போட்டால் கோயில் கேட்டைத் தாண்டிச் சாலைக்கே போய்விடும். நடுவில் மடக்கித் திருப்ப வேண்டும், திரும்புகிற இடத்தில் ஐந்து அடிக்கு ஒரு மேடை. அடுத்த ஞாயிறு, அந்த மேடை எங்கே வரும் என்று கோயில் முற்றத்தில் சாக்பீஸால் வரைந்தேன். சரியாக மூப்பரின் காடி நிற்கிற மாமர நிழலில் வந்தது.

"இருபது வருஷமா அங்கதான் நிறுத்துறேன். வெயில்ல நிறுத்தினா டேஷ்போர்டு பொளந்துடும்லா!"

"உங்க காடி நிழல்ல நிக்கிறது தேவ சித்தமாண்ணே?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மா என் கையைக் கிள்ளினாள், தழும்பு இல்லாததுதான் குறை. மூப்பர் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வருகிற வழியில் தோன்றியது. ஆனால் அடுத்த சனிக்கிழமை பாயும் நானும் பலகைகளோடு போனபோது நிழல் காலியாக இருந்தது. அவர் காடி சாலைக்கு எதிர்ப்புறம், நல்ல வெயிலில், கண்ணாடியை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு நின்றது.

இந்த முறை அம்மா நீட்டிய பென்சிலை வாங்கிக்கொண்டேன். அக்காவுக்கு மட்டும் தனி ஆராதனை வைக்க பாஸ்டர் ஒத்துக்கொண்டார். ஒருத்திக்காக அப்படி வைக்கிற பழக்கம் இல்லை என்று யாரோ சொன்னதற்கு, "இனிமே இருக்கும்" என்றார். அந்த நாளைக் காலண்டரில் எழுதி, பக்கத்தில் சிலுவை போட்டேன்.

அந்த ஞாயிறு மழை கொட்டியது, பலகை வழுக்கியது. அழித்தோம். அடுத்து எழுதிய ஞாயிறு பாஸ்டருக்குக் காய்ச்சல். அதையும் அழித்தோம். அக்கா மூன்றாவதாக ஒரு நாளை அவளே எழுதினாள். நான் முணுமுணுத்தேன், சும்மா இல்லை, நன்றாகவே முணுமுணுத்தேன். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மழை நாளில் வழுக்கிய பலகைக்கு வெயில் வந்ததும் பெயிண்ட் அடித்து, ஈரம் காயும் முன் மணலைத் தூவினோம், பிடிப்புக்காக. அதில் நீங்கள் இரண்டு பேரும் சறுக்கி விளையாடிக் கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு வெயில். சபை முழுதும் உள்ளே உட்காராமல் வாசலில் வந்து நின்றுகொண்டது. அக்கா அடியிலிருந்து கிளம்பினாள். ஒரு தள்ளு, ஒரு மூச்சு. மணலில் சக்கரம் கரகரவென்று கேட்டது. முதல் பதினைந்து அடியில் பாதி தாண்டியதும் கை ஓய்ந்து, நாற்காலி நின்றது. மூப்பரின் கால் தானாக முன்னே வந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். கோயில் வாசலில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். கத்தினேன்.

மூப்பர் நின்றார். அக்கா தலையைக் குனிந்து ஐந்தாறு மூச்சு விட்டாள், மறுபடி தள்ளினாள். மேடைக்கு வந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தாள். சபையே காத்துக்கொண்டிருக்கிறது, அவளுக்கு அவசரமே இல்லை. மூடியை முடுக்கி வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். மிச்சப் பதினைந்து அடியும் ஏறி, வாசலைத் தாண்டி, பாஸ்டர் முன்னால் போய் நின்றாள். நாற்காலியைத் தொட ஒருவரும் துணியவில்லை. கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில் எதிர்க்கடை வரை கேட்டது என்று வெளியே நின்ற பாய் பிறகு சொன்னார்.

ஆராதனை முடிந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி அவள் பின்பக்கமாக இறங்கி வந்தாள். மூப்பர் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. ஆனாலும் மனிதர் விடுவாரா?

"இவ நடக்கணும்னு நான் இன்னும் ஜெபம் பண்றேன் தம்பி. அதை நிறுத்த மாட்டேன்."

"பண்ணுங்கண்ணே. வேணாம்னு நான் சொல்லவே இல்லையே."

"அப்படி ஒரு நாள் கர்த்தருக்குச் சித்தமாகி இவ நடந்துட்டா, கழட்டிடறேன்னு சொன்ன இல்ல? பேச்சு மாற மாட்டியே?"

நான் போல்ட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் கையால் முடுக்கியது. வாயைத் திறக்கப் போனவன், இந்த முறை மூடிக்கொண்டேன். "அவளைக் கேளுங்கண்ணே" என்றேன்.

மூப்பர் குனிந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் நேராக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "என்னம்மா? நடந்துட்டா இதைக் கழட்டிடலாமா?"

அக்கா கையில் ஒட்டியிருந்த மணலை உடுப்பில் துடைத்தாள்.

"நடந்தாலும் நான் இதுலதான் நடந்து வருவேன், அங்கிள்" என்றாள்.